அரிப்பில் ஒளி கற்றல்: பொழுதுபோக்குப் புகைப்படக்காரரின் சோதனையும் சகபாடிகளின் கருத்துரையும்

1. ஆய்வுப் பொருள்

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலக் கரையில், அருவி ஆறு கடலோடு சேரும் இடத்தை அண்டி இருக்கிறது அரிப்பு. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1679 ஒக்ரோபரில் தப்பி வந்து சேர்ந்தது இங்கிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். பிரித்தானிய இலங்கையின் முதல் ஆளுநர் பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைக் கண்காணிக்கத் தமக்கென 1801க்கும் 1804க்கும் இடையில் டொரிக் பாணித் தூண்களோடு ஒரு மாளிகை கட்டுவித்தார். அதன் இடிபாடு கடலோர மேட்டின் விளிம்பில் இன்றும் நிற்கிறது. ஊரவர் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். நோர்த்தின் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம்.

கமராவோடு இக்கரைக்கு வருபவர் பெரும்பாலும் இந்த இடிபாட்டைத்தான் எடுக்கிறார். அதுவும் மாலையில், தரைப் பக்கம் நின்று, சூரியனைத் தூணுக்குப் பின்னால் வைத்து. கையில் உள்ள கருவி எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்க விடுகிறது. 1975இல் கொடாக் நிறுவனப் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிற்றல் கமராவுக்கு, 100க்கு 100 புள்ளிகள் கொண்ட ஒரு படத்தைக் கசெட் நாடாவில் பதிய 23 வினாடி பிடித்தது. இன்று அந்த நேரத்தில் ஒரு கைத்தொலைபேசி நூறு படம் எடுத்துவிடும். 36 படச் சுருள் வாங்கி, கழுவக் கொடுத்து, ஒரு கிழமை காத்திருந்தவருக்கு ஒவ்வொரு பிழையும் காசு. இப்போது பிழைக்கு விலை இல்லை.

இக்கட்டுரையின் கேள்வி அங்கிருந்து பிறக்கிறது. சோதித்துப் பார்க்கச் செலவே இல்லாதபோது, பலருடைய படங்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கின்றன? எனக்குப் படும் காரணங்கள் இரண்டு. வேறு அகலக்கோட்டில் எழுதப்பட்ட கைநூல் விதிகளை இந்தக் கரையின் ஒளியில் யாரும் உரைத்துப் பார்ப்பதில்லை. நண்பர்கள் சொல்லும் கருத்தும் அடுத்த சோதனைக்கு வழி காட்டுவதில்லை. கீழே சொல்லப்படுபவற்றை ஒரு சாதாரண கமராவோடு யாரும் போய்ச் செய்து பார்க்கலாம்.

2. களம்

2.1 மாலை

"பொன்மணி நேரம்" என்று கைநூல்கள் சொல்வது, சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 6 பாகைக்குள் இருக்கும் பொழுதை. இலண்டனில் மார்ச், செப்டெம்பர் மாதங்களில் சூரியன் சரிந்து இறங்குவதால் அந்த 6 பாகையைக் கடக்க 38 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். கோடையில் இன்னும் நீளும். அரிப்பு வட அகலக்கோடு 8.8 பாகை அளவில் இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கடலில் இறங்கும். அதே 6 பாகைக்கு 24 நிமிடம் போதும்; ஜூனிலும் டிசெம்பரிலும் 27 நிமிடத்தைத் தாண்டாது. "ஒரு மணி நேரம் இருக்கிறதே" என்று சிலாவத்துறைச் சந்தியில் தேநீர் குடித்துவிட்டு ஆறுதலாக வருபவருக்கு மிஞ்சுவது இருட்டு.

திசையும் மாறும். டிசெம்பர் இறுதியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 24 பாகை தெற்கே மறைகிறது. ஜூன் இறுதியில் அதே அளவு வடக்கே. ஆண்டுக்குள் 47 பாகை ஊசலாட்டம். ஜூனில் தூணிடைவெளியில் சூரியனைப் பிடித்தவர் டிசெம்பரில் அதே இடத்தில் நின்றால் சூரியன் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும். இது தெரிந்தவர் திகதி பார்த்து வருவார். தெரியாதவர் அதிர்ஷ்டம் இல்லை என்று திரும்பிப் போவார்.

மாளிகையின் கடற்பக்கம் மேற்கு நோக்கியது. ஆகவே தரைப் பக்கம் நிற்பவருக்கு மாலையில் கிடைப்பது கருநிழல் உருவம் மட்டுமே. சுவரின் முகத்தில் மாலை ஒளி படுவதைக் காண வேண்டுமென்றால் கீழே கடற்கரை மணலில் இறங்கி, சூரியனுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். மேலே நின்று ஒன்று, கீழே நின்று ஒன்று என இரண்டு படத்தையும் ஒரே மாலையில் எடுத்து அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் அரிப்பில் ஒருவர் செய்யத்தக்க முதற் சோதனை. ஒளி எங்கிருந்து வருகிறது என்ற பாடத்துக்கு இதைவிட எளிய வகுப்பறை கிடையாது.

2.2 உச்சிவெயில்

உச்சிவெயிலில் படம் எடுக்காதே என்பது கைநூல் வேதம். மனித முகத்துக்கு அது சரி; கண் குழிகளில் கறுப்பு விழும். சுவருக்கு?

ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் மேலே வருவதை வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். ஓகஸ்ட் இறுதியில் மறுபடியும் வரும். அரிப்பு அமைந்த அகலக்கோட்டுக்கு அந்த நாள் ஏப்ரல் 12, 13 அளவில். நேரம் பகல் 12.11ஐ ஒட்டி. அப்போது நிற்கும் மனிதனின் நிழல் காலுக்குள் ஒடுங்கிவிடும். ஆனால் செங்குத்தான சுவரை அந்த ஒளி மேலிருந்து கீழாக உரசிக்கொண்டு இறங்குகிறது. அரை அங்குலம் துருத்தி நிற்கும் செங்கல் தன் கீழே நீண்ட நிழல் இடும். உதிர்ந்த சாந்தின் விளிம்பு, செங்கல் வரிசைகளுக்கு இடையே தேய்ந்த பள்ளம், யாரோ ஆணியால் கீறிய பெயர் எல்லாம் எழும்பி நிற்கும். மாலையில் நேர் முகமாக ஒளி விழும்போது இதே சுவர் தட்டையாகத் தெரியும். கல்வெட்டுப் படிப்பவர்கள் பக்கவாட்டில் விளக்குப் பிடித்துச் செய்வதை இங்கே சூரியன் செய்கிறது. உச்சிவெயிலை விலக்கும் விதி, சூரியன் ஒருபோதும் தலைக்கு மேல் வராத நாடுகளில் எழுதப்பட்டது. அதை மனப்பாடம் செய்தவர் பத்து நிமிடம் மட்டும் இருக்கும் இந்த ஒளியைச் சாப்பாட்டு மேசையில் கழித்துவிடுவார்.

2.3 காற்றும் உப்பும்

மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று அடிக்கும் கரை இது. முக்காலி நடுங்கும், 1/30 வினாடிப் படம் கலங்கும். முக்காலியின் நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களைத் தாழ்த்தி, தோள்பையைக் கீழே தொங்கவிட்டால் ஓரளவு அடங்கும். உப்பு அதைவிடத் தந்திரமானது. அரை மணி நேரத்தில் லென்ஸின் முன்கண்ணாடியில் மெல்லிய படலம் ஒட்டும். கண்ணுக்குத் தெரியாது, சூரியனை நோக்கி எடுத்த படத்தில் மாறுபாடு குறைந்து வெண்புகை போலத் தெரியும். காய்ந்த துணியால் துடைத்தால் உப்புத் துகள் கண்ணாடிப் பூச்சைக் கீறும். முதலில் ஈரத் துணியால் ஒற்றி உப்பைக் கரைத்துவிட்டுப் பிறகுதான் துடைக்க வேண்டும்.

3. ஒரு சோதனை விரிவாக: சிவப்பு போன இடம்

மாலையில் கடற்பக்கச் சுவரை எடுத்தவர்களின் படங்களில் ஒரு நோய் பொதுவாகத் தெரியும். செங்கல் எரிவது போல் சிவந்திருக்கும். ஆனால் செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே வேறுபாடு இராது. கமராவின் ஹிஸ்டோகிராமை, அதாவது ஒளிர்வுப் பரவல் வரைபடத்தைப் பார்த்தால் வலது ஓரம் தொடாமல் நடுவில் அழகாகக் குவிந்திருக்கும். "ஒளியளவு சரியாகத்தானே இருக்கிறது" என்பார் எடுத்தவர். சரியாக இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

பல கமராக்கள் முதலில் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் கலந்த ஒளிர்வுக் கணக்கு. அதில் பச்சைக்கு ஏறக்குறைய 59, சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 வீதம். மாலைச் செங்கல்லின் ஒரு புள்ளியில் சிவப்பு 255, பச்சை 120, நீலம் 60 என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு உச்சத்தில் முட்டிவிட்டது. அதற்கு மேல் எத்தனை வேறுபாடு இருந்தாலும் எல்லாம் 255 என்றே பதியும். ஆனால் கலவைக் கணக்கு வெறும் 154. வரைபடத்தின் நடுப்பகுதிக்குச் சற்று வலப்புறம், பார்ப்பவருக்கு நிம்மதி. நோய் சிவப்பு சனலுக்குள் ஒளிந்திருக்கிறது.

1976இல் காப்புரிமை பெற்ற பிரைஸ் பேயரின் வடிகட்டி அமைப்பையே பெரும்பாலான கமராக்கள் இன்றும் பின்பற்றுகின்றன. அதில் உணர்புள்ளிகளின் பாதி பச்சைக்கு; சிவப்புக்கும் நீலத்துக்கும் கால் பங்கு வீதம். மனிதக் கண் பச்சையை நுணுக்கமாக அறிவதால் செய்த ஏற்பாடு அது. செங்கல் சுவரைப் பொறுத்தவரை, தகவல் அதிகம் இருக்கும் நிறத்துக்குக் குறைந்த இருக்கை.

சோதனை இப்படிப் போக வேண்டும். கமரா முக்காலியில் அசையாமல் இருக்கட்டும். துவாரம் எஃப்/8, ஐ.எஸ்.ஓ 100. ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, அளவுமானி சொல்லும் ஒளியளவில் ஒன்று, அதற்குக் கீழே மூன்றில் ஒரு ஸ்டொப், மூன்றில் இரண்டு, முழு ஸ்டொப், ஒன்றரை ஸ்டொப் என்று வரிசையாக எடுக்க வேண்டும். நிறச் சமநிலையைத் தானியங்கியில் விடக்கூடாது. ஒரே நிலையில் பூட்டிவிட வேண்டும். பிறகு மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து, சிவப்பு ஓரத்தை விட்டு எந்தப் படத்தில் விலகுகிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் படம் கமராவின் திரையில் இருண்டதாகத்தான் தெரியும். கணினியில் நிழலை உயர்த்தினால் செங்கல் ஒவ்வொன்றும் தன் நிறத்தோடு வரும்.

இரண்டாம் சுற்றில் ஒளியளவைப் பூட்டிவிட்டு நிறச் சமநிலையை மட்டும் மாற்ற வேண்டும்: வெயில், மேகம், நிழல். "நிழல்" நிலையில் சிவப்பு வரைபடம் வலப்பக்கம் ஓடும். வெளிச்சமும் உணர்தகடும் மாறவில்லையே, எப்படி? கமரா காட்டும் வரைபடம், உணர்தகட்டின் பதப்படுத்தாத பதிவான றோ கோப்பிலிருந்து வருவதில்லை; அதனோடு சேர்த்துக் கமரா தயாரிக்கும் ஜேபெக் படத்திலிருந்து வருகிறது. நிறச் சமநிலை அந்த ஜேபெக்கின் சிவப்பைப் பெருக்கிவிடுகிறது. றோவில் எடுப்பவருக்குச் சேதம் இல்லை, எச்சரிக்கை மட்டும் பொய். ஜேபெக்கில் மட்டும் எடுப்பவருக்கோ சேதம் நிரந்தரம். இந்த வேறுபாட்டைப் பத்துப் பக்கம் வாசித்து விளங்காதவர் பத்து நிமிடம் சுவரின் முன் நின்றால் விளங்கிக்கொள்வார்.

இதன் நேரெதிர் நோய் வங்காலைப் பக்கத்து உப்பு வெளிகளில் வரும். 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்கள் சாம்பல் நிறப் பூநாரையோடு திரும்புவார்கள். அளவுமானி காணும் காட்சி எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாகக் கருதும். வெண்மணலையும் உப்பையும் இருட்டிவிடும். அங்கே ஒரு ஸ்டொப் அல்லது அதற்குச் சற்று மேல் கூட்ட வேண்டும்.

4. முன்னோடிகள் மூவர்

சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், வெப்பத்தில் ஈரக் கண்ணாடி முறை தொல்லை தந்ததால் மெழுகேற்றிய காகித எதிர்ப்படிவத்தை நம்பினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாகத் துண்டு துண்டாக எடுத்து ஒரே நீள்படமாக ஒட்டினார். அன்றைய காகிதத்தில் வானம் வெறும் வெள்ளையாக எரிந்துவிடும் என்பதால் எதிர்ப்படிவத்தில் தூரிகையால் மேகம் தீட்டினார். இன்றைய தூய்மைவாதிகள் கேட்டால் முகம் சுளிப்பார்கள். அதே பத்தாண்டில் அலெக்சாண்டர் ஹன்ரர் முதலியோர் சென்னையில் தொடங்கிய புகைப்படக் கழகம், அமெச்சூர்கள் தம் படங்களைக் கொண்டுவந்து காட்டிப் பேசும் இடமாயிற்று. கருவியும் இரசாயனமும் புதிதாக இருந்த காலத்தில் அடுத்தவரின் அனுபவமே கைநூல்.

கொழும்பின் லயனல் வென்ட் (1900–1944) தொழிலுக்குச் சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். இருட்டறையில் அவர் செய்யாத விளையாட்டு இல்லை: பாதி கழுவிய படத்துக்கு மறுபடி ஒளி காட்டும் சோலரைசேஷன், எதிர்ப்படிவங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கல், கமராவே இல்லாமல் காகிதத்தில் பொருளை வைத்து ஒளி பாய்ச்சல். அவருடைய வட்டத்தில் ஜோர்ஜ் கீற், ஹரி பீரிஸ் போன்ற ஓவியர்கள் இருந்தார்கள். '43 குழு' என்ற ஓவியர் அமைப்பு 1943இல் அவருடைய வீட்டில்தான் உருவானது. படம் எடுப்பவரின் படத்தைப் படம் எடுக்காதவர் பார்த்துக் கருத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வென்ட் ஒரு சான்று. ஓவியர் துவார அளவைக் கேட்கமாட்டார். இந்தக் கை ஏன் இங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்றுதான் கேட்பார்.

மூன்றாமவர் மா. கிருஷ்ணன் (1912–1996), நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். யானைகளையும் காட்டெருமைகளையும் கறுப்புவெள்ளையில் எடுக்க, ஒரு கருவியின் உடலில் வேறு கருவியின் லென்ஸைப் பொருத்தித் தானே ஒட்டுக் கமரா செய்துகொண்டார். "சூப்பர் பொண்டரோசா" என்று அதற்குப் பெயரும் வைத்தார். கடையில் இருப்பது காட்டுக்குப் பொருந்தவில்லை என்றால் கருவியையே மாற்று என்பது அவர் வழி. புதிய கமரா வாங்கினால் படம் திருந்தும் என்று நம்புகிறவர்கள் அவரைப் பற்றிக் கொஞ்சம் வாசிப்பது நல்லது.

5. கருத்துரை

5.1 பயன்படுவதும் படாததும்

"சுப்பர் மச்சான்." மேல்நோக்கிய கட்டைவிரல். நண்பர் குழுக்களில் ஒரு படத்துக்குக் கிடைப்பவற்றில் பெரும்பங்கு இதுதான். அன்புக்கு அடையாளம், கல்விக்கு ஒன்றும் இல்லை. இதற்கு அடுத்த படி, குறையை மட்டும் சொல்வது: "ஏதோ சரியில்லை." அதற்கும் மேலே, குறையைக் கண்ணால் காணத்தக்க ஓர் அடையாளத்தோடு சொல்வது. அரிப்புச் சுவரைப் பார்த்த இளையவர் ஒருவர் வாயில் அது இப்படி வரும்: "அண்ணை, செங்கல் எல்லாம் தோடம்பழம் மாதிரிக் கிடக்கு. ஒரு கல்லையும் தனியப் பிரிச்சுப் பார்க்கேலாது." இந்த வாக்கியத்தில் காரணம் இல்லை, திருத்தம் இல்லை. ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்பது இருக்கிறது. அதிலிருந்து மூன்றாம் பிரிவில் சொன்ன சோதனை வரை ஒரே எட்டு.

ஆகவே கருத்துரைக்கு நான் வைக்கும் தேர்வு ஒன்றே: அதைக் கேட்டவர் அடுத்த முறை எதை மாற்றி எடுப்பார்? பதில் இருந்தால் அது கருத்துரை. நல்லது என்று புகழ்ந்தாலும் இதே தேர்வுதான். எது நன்றாக வந்தது என்று தெரியாமல் அதை மறுபடி செய்ய முடியாது.

வயது ஒரு தடை. எங்கள் ஊர்களில் அண்ணையின் படத்தில் குறை சொல்லத் தம்பிக்கு நாக்கு எழாது. ஆசிரியராகவோ அதிகாரியாகவோ இருப்பவரின் படம் என்றால் கேட்கவே வேண்டாம். எடுத்தவர் பெயரை மறைத்து, எண் மட்டும் போட்டுப் படங்களை ஒருவர் திரட்டிக் காட்டினால் இந்தச் சிக்கல் பாதி தீரும். பிரித்தானிய அஞ்சல்வழிப் புகைப்படக் குழுக்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து அச்சுப் படங்களை ஒரு பெட்டியில் இட்டு உறுப்பினர் வீடுதோறும் சுற்றவிட்டு, ஒவ்வொருவரும் எழுத்தில் குறிப்புச் சேர்க்கும் வழக்கம் வைத்திருந்தன. முகம் பார்க்காமல் எழுதும்போது கை தாராளமாகும். எழுதுவதற்குள் இரண்டாம் முறை பார்க்கவும் நேரம் கிடைக்கும்.

5.2 கருத்துரையைக் கெடுக்கும் கருவி

வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படும். ஷட்டர் வேகம், துவாரம், ஐ.எஸ்.ஓ, எடுத்த நேரம் ஆகியவற்றைச் சுமந்துவரும் எக்ஸிஃப் தகவலும் கழன்றுவிடும். வானத்தில் படிப்படியாகக் கோடு தெரிகிறது என்று நண்பர் குறை சொல்வார். அந்தக் கோடு சுருக்கத்தில் வந்ததாக இருக்கும். எந்த அமைப்பில் எடுத்தாய் என்று கேட்டால் எடுத்தவருக்கே நினைவிராது. அதே படத்தை ஆவணமாக, அதாவது "டொக்யுமென்ற்" ஆக அனுப்பினால் இரண்டும் தப்பும். நினைவு பொய் சொல்லும், எக்ஸிஃப் சொல்லாது. கலங்கிய படத்தை முக்காலியில் வைத்துத்தான் எடுத்தேன் என்று அடித்துச் சொல்பவரின் கோப்பில் 1/15 வினாடி என்றிருந்தால், சோளகம் வீசிய மாலையா என்று அடுத்த கேள்வியை மரியாதையாகவே கேட்கலாம்.

பார்க்கும் இடமும் முக்கியம். வெயிலில் நின்று கைத்தொலைபேசித் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றிப் பார்த்தவர் படம் இருட்டு என்பார். இரவில் படுக்கையில் பார்த்தவர் வெளிச்சம் கூடிவிட்டது என்பார். இருவரும் தத்தம் திரையைத்தான் விமர்சிக்கிறார்கள்.

5.3 கரையவர் கண்

கமராக் குழுக்களின் பேச்சு பெரும்பாலும் கூர்மை, சட்டகம், நிறம் என்ற மூன்றுக்குள் சுழலும். அரிப்பிலும் சிலாவத்துறையிலும் மீன் வாடிகளில் இருப்பவர்களிடம் அதே படங்களைக் காட்டினால் வேறு வகைக் கருத்து வரும். "தொழிலுக்குப் புறப்படும் வள்ளம்" என்று தலைப்பிட்ட படத்தைப் பார்த்துவிட்டு, வள்ளம் தண்ணீரில் தாழ்ந்திருக்கும் விதத்தைக் காட்டி, இது கரைக்குத் திரும்புகிறது என்பார்கள். அமைப்பு அழகுக்காக இடம்வலம் திருப்பிய அல்லிராணிக் கோட்டைப் படத்தை ஒரு கணத்தில் பிடித்துவிடுவார்கள். கடல் பிழையான பக்கத்தில் கிடக்கும். அலையின் நுரை சாயும் பக்கத்தை வைத்து அடித்தது சோளகமா வாடையா என்று சொல்லி, படத்தின் மாதத்தையே திருத்துவார்கள்.

இந்தக் கருத்துரையைக் கலைக்கு வெளியே உள்ளது என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கண்ணுக்கு இனிய படம் காட்சிக்குப் பொய்யாக இருக்கலாம். அந்தப் பொய்யை எடுத்தவர் தெரிந்து செய்தாரா தெரியாமல் செய்தாரா என்பதில்தான் கைத்திறன் தெரிகிறது. டிரைப் தெரிந்து மேகம் தீட்டினார்.

அரிப்பு அடங்கிய முசலிப் பிரதேசத்து மக்கள் போரில் இடம்பெயர்ந்து, ஆண்டுகள் கழித்து மீண்டவர்கள். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் அவர்களுள் அடக்கம். அவர்களின் இடிந்த வீட்டை "பழமை அழகு" என்று எடுத்துக் காட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகளை லென்ஸ் கேட்காது. கேட்டு எடுப்பதும், எடுத்ததை அவர்களுக்கே முதலில் காட்டுவதும் சோதனை முறைக்குள் அடங்க வேண்டியவை.

6. உபரிப் பயன்

மாளிகை நிற்கும் கடலோர மேடு அரிபட்டு வருகிறது. கட்டடத்தின் ஒரு பகுதி ஏற்கெனவே சரிந்துவிட்டது. பல கைகள் பல ஆண்டாக எடுத்த சோதனைப் படங்களை ஒன்று சேர்த்தால், மேட்டின் விளிம்பு எந்தப் பருவத்தில் எவ்வளவு பின்வாங்கியது என்று காட்டும் சான்று கிடைக்கும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. கமராவின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பற்றரி கழற்றிப் போட்டதில் 2000ஆம் ஆண்டு ஜனவரிக்குத் திரும்பிய கடிகாரங்கள் பல. நிற்கும் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். கடற்கரையில் ஓர் இடம், தரைப் பக்கம் ஓர் இடம் என இரண்டைக் குழுவே தீர்மானித்துக்கொள்ளலாம். லென்ஸின் குவியத் தூரம் மாறக்கூடாது. சோளகம் தொடங்குமுன் ஏப்ரலில் ஒரு தடவை, அது அடங்கிய பின் ஒக்ரோபரில் ஒரு தடவை எடுத்தால் அலை தின்றது எவ்வளவு என்பது தெரியும். ஏப்ரல் படத்தை 12, 13ஆம் திகதி உச்சிவேளையில் எடுத்துக்கொண்டால் சுவர் உதிர்ந்த கணக்கும் அதே படத்தில் அகப்படும்.